தோள் மாற்றாத எலும்பு

ஒரு ஊரில் ஒரு தொடையெலும்பு இருந்தது. நாகலிங்கம் என்பவருடைய வலது தொடையில் அது குடியிருந்தது.

நாகலிங்கத்துக்குப் பிழைப்பு அரிசி மண்டியில் மூட்டை தூக்குவது. பெருமை, கோயிலில் சாமி தூக்குவது. ஆற்றங்கரைச் சிவன் கோயிலில் சாமி புறப்பாடு என்றால் பல்லக்கின் முன்தண்டில் வலது பக்கம் அவர் தோள்தான். அவருக்கு முன்னால் அந்த இடம் அவர் அப்பாவுடையது. இடது பக்கம் அவர் மனைவி தையல்நாயகியின் தம்பி தாண்டவனுடையது. இந்த இரண்டு பேரும் தோள் கொடுத்தால், பல்லக்கில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தாலும் தளும்பாது என்று ஊரில் சொல்வார்கள்.

சாமி தூக்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்டுக்கு அடியில் நிற்கும்போது கனம் என்றோ வலி என்றோ வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் சாமியைப் பாரம் என்று சொன்னதாகிவிடும். முடியாதவன் விரல் முட்டியால் தண்டை இரண்டு தடவை தட்ட வேண்டும். டக், டக். அவ்வளவுதான். பக்கத்தில் நடந்து வருகிறவன் எவனாக இருந்தாலும், முதல் நாள் அவனோடு அடிதடியே நடந்திருந்தாலும், "வந்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லித் தன் தோளை நுழைத்துவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. தட்டினவன் தலையைக் குனிந்து வெளியே வந்துவிடுவான்.

நாகலிங்கம் முப்பது வருஷத்துக்கு மேல் சாமி தூக்கினார். ஒரு தடவைகூடத் தண்டைத் தட்டியதில்லை. அதில் அவருக்குக் கர்வம். எலும்புக்கு அவரைவிடக் கர்வம். தோளில் விழுகிற கனம் முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கி, கடைசியில் என் தலையில்தான் வந்து உட்காருகிறது, நியாயமாகப் பார்த்தால் சாமி தூக்குவது நான்தான் என்று சுற்றியுள்ள சதைகளிடம் அது சொல்லிக்கொள்ளும். சதைகளுக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும்.

அப்படித் தூக்கித் தூக்கி எலும்பின் தலை தேய்ந்தது. இடுப்புக் குழியில் வழுவழுவென்று சுழன்ற உருண்டைத் தலை ஒரு பக்கம் நசுங்கி, காலால் மிதித்த பொரியுருண்டை மாதிரி ஆகிவிட்டது. நாகலிங்கம் முதலில் நொண்டினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு கக்கூசுக்குப் போவதற்கே தையல்நாயகியின் தோள் வேண்டியிருந்தது. அந்த அம்மாள்தான் அழுது அடம்பிடித்து அவரை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே ஒரு நாள் காலையில் எலும்பின் தலையை ரம்பத்தால் அறுத்தார்கள்.

எலும்பு அதை மறக்கவே இல்லை. நாகலிங்கத்துக்கு மயக்கம் கொடுத்தார்கள், எலும்பிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐம்பத்தாறு வருஷம் கூடவே இருந்த தலை, சாமியையே தாங்கின தலை, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தொப்பென்று விழுந்தது. யாரோ வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு பிடி மண்ணாவது போட்டார்களா என்று எலும்புக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அறுத்த வாய் ஆறுவதற்குள் வேறொருவனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குண்டும் காம்புமாகப் பெரிய கரண்டி மாதிரி இருந்தான். கண்ணாடி போலப் பளபளப்பு. ஏதேதோ உலோகங்கள் கலந்து தூர தேசத்து ஆலையில் வார்த்த உடம்பு. எலும்புக்கு அந்தக் கலப்பெல்லாம் தெரியாது. இரும்பு என்றுதான் சொல்லும். காம்பை எலும்பின் நடு மஜ்ஜைக்குள் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். இடுப்புக் குழியில் அதே உலோகத்தில் ஒரு கிண்ணத்தைப் பதித்துக் குண்டை அதில் உட்கார வைத்தார்கள். பிறகு சதையை மூடித் தைத்துவிட்டார்கள்.

இப்படியாக, பிடிக்காத ஒருவனைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த வேண்டிய கதி எலும்புக்கு வந்தது.

முதல் நாளே குண்டு பேசிப் பார்த்தது.

"பெரியவரே, நான் கேட்டு வரலை. அனுப்பினாங்க, வந்தேன். என்னால ஆனதைச் செய்யறேன்" என்றது.

வாளி விழுந்த சத்தம்தான் எலும்பின் காதில் இருந்தது.

குண்டு சொன்னபடியே செய்தது. மூன்றாம் நாள் நாகலிங்கம் எழுந்து நின்றார். மூன்றாம் மாதம் தடியைத் தூக்கிப் போட்டார். தெருவில் நடந்தபோது தாண்டவன் பின்னாலேயே வந்து, "மாமா, சாணை பிடிச்ச கத்தி கணக்கா நடக்கறீங்க" என்றான். தையல்நாயகி கோயிலில் விளக்குப் போட்டாள். எல்லாரும் குண்டைப் புகழ்ந்தார்கள். முப்பது வருஷம் உழைத்தவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று எலும்பு மனதுக்குள் கறுவிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு, பொறுமையாகப் பேசுவார். நாகலிங்கம் வீட்டுக்குக் கிளம்பும்போது நம்பர் போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும், வலியோ சத்தமோ வீக்கமோ எது வந்தாலும் அன்றைக்கே வர வேண்டும், இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

நாகலிங்கம் மண்டியில் மூட்டை தூக்குவதை விட்டார். முதலாளி அவரை வாசல் காவலுக்கு உட்கார வைத்தார். முதல் வருஷம் சொன்னபடி ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார்.

இரண்டாம் வருஷம் திருவிழா வந்தது. முன்தண்டின் வலது பக்கம் வேறொருவன் நின்றான். பல்லக்கு ஆடி ஆடிப் போனது. நாகலிங்கத்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மறுநாள் போய் அவனை விலக்கிவிட்டுத் தண்டுக்கு அடியில் நின்றார்.

தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"பாரம் தூக்காதேன்னாங்க. சாமி எப்படிடி பாரமாவும்?" என்றார் நாகலிங்கம்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாழ்நாள் பூராவும் சாமியைப் பாரம் என்று சொல்லாமலே பழகின வாய் அது. டாக்டரம்மா சொன்ன வார்த்தையில் பல்லக்கு இல்லை என்று அவர் மனசார நம்பினார். தாண்டவனும் அதுதான் சரி என்றான்.

ஆனால் தோளில் புதுக் காய்ப்பு விழுந்துவிட்டது. அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தபோது, சட்டையைக் கழற்றினால் தெரிந்துவிடும், அந்தப் பொண்ணு திட்டும் என்று போகாமல் இருந்துவிட்டார். அடுத்த வருஷமும் அப்படியே. அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. அதன் மேல் விபூதி படிந்தது.

ஆறாம் வருஷமோ ஏழாம் வருஷமோ ஒரு நாள் குண்டு எலும்பைக் கூப்பிட்டது.

"பெரியவரே, என்கிட்டேருந்து ஏதோ உதிருது."

"உதிரட்டும். என்கிட்டேருந்து தலையே உதிர்ந்துச்சு" என்றது எலும்பு. இத்தனை வருஷத்தில் அது குண்டிடம் பேசின முதல் பேச்சு அதுதான்.

குண்டு விடவில்லை. தானும் கிண்ணமும் உரசுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசி கிளம்புகிறது என்று சொன்னது. பல்லக்குக்கு அடியில் போய்வந்த நாட்களில் அதிகமாகக் கிளம்புகிறது, பக்கத்துச் சதை ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்து வருகிறது, ரத்தம் போகிற போக்கில் அள்ளிக்கொண்டு போகிறது, எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ தெரியவில்லை என்றது.

"இது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியலை. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். யாராவது வந்து பார்த்தா தேவலை. எனக்கு நரம்பு கிடையாது பெரியவரே. வலியைக் கூப்பிட எனக்கு வாயில்லை. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணும்."

உண்மைதான். அந்தப் பக்கத்துச் சேதியெல்லாம் மூளைக்குக் கொண்டுபோவது வலியின் உத்தியோகம். மத்தியானம் நாகலிங்கம் சாப்பிட்டுவிட்டு மண்டி வாசலில் ஸ்டூலைச் சுவரோடு சாய்த்து உட்காருகிற நேரத்தில் வலி ஒரு சுற்று வரும். தபால்காரர் மாதிரி வாசலில் நின்று, ஏதாவது சேதி உண்டா என்று கேட்கும். உண்டு என்றால் வாங்கிக்கொண்டு ஓடும். இல்லை என்றால் அடுத்த வாசலுக்குப் போய்விடும்.

அன்றைக்கும் வந்தது. ஏதாவது சேதி உண்டா என்று எலும்பிடம் கேட்டது.

எலும்பு யோசித்தது. இவனுக்காக நான் ஆள் அனுப்பினால் என்ன நடக்கும்? டாக்டர்கள் ஓடிவருவார்கள். இவனைத் துடைப்பார்கள், படம் பிடிப்பார்கள், மேலும் கொண்டாடுவார்கள். நான் தேய்ந்தபோது எனக்கு வந்தது ரம்பம். இல்லை, இவன் பழுது என்று தெரிந்தால் இவனையும் பிடுங்கி வாளியில் போடுவார்கள். போடட்டும். வாளி எப்படி இருக்கும் என்று இவனுக்கும் தெரியட்டும். ஆனால் அதை நான் ஏன் சொல்ல வேண்டும்? முற்றட்டும், தானாகத் தெரியட்டும்.

இப்படி எல்லாவற்றையும் யோசித்த எலும்பு, நடுவில் நாகலிங்கம் என்று ஒரு மனுஷர் இருப்பதை மறந்துபோயிற்று.

"ஒண்ணுமில்லை" என்று சொல்லி வலியை அனுப்பிவிட்டது.

மறுநாளும் வலி வந்தது. ஒண்ணுமில்லை. அடுத்த நாளும் ஒண்ணுமில்லை. சில மாதத்தில் வலி அந்த வாசலில் நின்று கேட்பதையே விட்டுவிட்டது.

அந்த வருஷத் திருவிழாவில் பின்தண்டுக்காரர் ஒருவருக்குத் தெரு முனையில் மயக்கம் வந்து, தண்டைத் தட்டினார். அந்தச் சத்தம் மரத்தின் வழியாக ஓடி, நாகலிங்கத்தின் தோளில் இறங்கி, இடுப்பு வரைக்கும் வந்தது. யாரோ வந்தேன் என்றார்கள். பல்லக்கு ஒரு நூல்கூட அசையவில்லை. குண்டு அதைக் கவனித்துக்கொண்டது. பேச்சுக்குப் பதில் கிடைக்காத இடத்தில் இதற்காவது கிடைக்கும் என்று நினைத்தது போலிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, நாகலிங்கம் வீட்டு வாசற்படி ஏறும்போது, குண்டு கிண்ணத்தின் விளிம்பில் மோதித் தட்டியது.

டக், டக்.

எலும்புக்கு அந்தத் தட்டல் தெரியும். அதற்குப் பதில் என்ன என்றும் தெரியும். தொண்டை வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. எலும்பு அதை விழுங்கிவிட்டது.

நாகலிங்கத்துக்கும் அந்தச் சத்தம் கேட்டது. தையல்நாயகியிடம் சொன்னார். சத்தம் வந்தால் உடனே வரச் சொன்னார்களே என்று அவள் பதறினாள். அவர் சிரித்தார்.

"உள்ளே இருக்கறவனும் சாமி தூக்கறவன்தானே. தண்டு தட்டறான் போல."

அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் குண்டு தட்டியது. உட்காரும்போது தட்டியது, எழும்போது தட்டியது. இரண்டு வருஷம் தட்டியது. எந்தத் தோளும் வரவில்லை.

ஒரு நாள் கறுத்த சதைக்குள் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

முதலில் கடுகளவு இருந்தான். யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு புளியங்கொட்டை அளவு ஆனான். சதைகள் எல்லாம் சாப்பிட்டு முடித்தால் எழுந்து வேலைக்குப் போகும். இவன் எழவே இல்லை. சாப்பிட்டான், தன்னைப்போலவே இன்னொருவனைப் பெற்றான், மறுபடியும் சாப்பிட்டான். பக்கத்துச் சதைகள் இடம் விட்டு இடம் விட்டு ஒதுங்கின. எலும்புக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"யாரு நீ? உன்னை யாரு கூப்பிட்டது?" என்று கேட்டது.

அவன் மென்றுகொண்டே பதில் சொன்னான். "தெரியலை."

"இந்த இரும்பு உதிர்த்த தூசியிலதானே முளைச்சே?"

"இருக்கலாம். தூசி இல்லாத உடம்புலயும் எங்க ஆளுங்க முளைச்சிருக்காங்க. தூசி ரொம்ப இருந்தும் முளைக்காத இடமும் இருக்கு. பொறந்தவனைப் பிடிச்சுப் பொறந்த கதையைக் கேட்டா அவன் என்ன சொல்லுவான்?"

குண்டின் பளபளப்பு எப்போதோ போயிருந்தது.

எலும்பு வலியைத் தேடியது. வலி வேறு வாசலில் நின்றுகொண்டிருந்தது. எலும்பு போட்ட கூச்சலில் ஓடிவந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒரு பார்வை பார்த்தது. கேள்வி கேட்க நேரமில்லை என்று ஓடிற்று.

போன வேகத்தில் திரும்பி வந்தது. முகம் தொங்கியிருந்தது.

"சொல்லிட்டேன். நல்லாவே சொன்னேன். அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. வாயைத் தொறக்கலை" என்றது.

எலும்பு இன்னொரு தடவை அனுப்பியது. இன்னும் பலமாக அனுப்பியது. நாகலிங்கம் கண்ணில் தண்ணீர் வந்தது. தையல்நாயகி என்னவென்று கேட்டபோது தூசி விழுந்துவிட்டது என்றார். திருவிழாவுக்கு இருபது நாள் இருந்தது. சாமி புறப்பாடு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டார். எலும்பு சேதி சொல்லாமல் இருந்த வருஷங்களில், சேதி வந்தால் கேட்கிற வழக்கமும் அவருக்குப் போயிருந்தது.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை, பல்லக்கு மேல வீதி திரும்புகிற இடத்தில் நாகலிங்கத்தின் வலது கால் மடிந்தது. அப்போதும் அவர் கை தண்டைத் தட்டவில்லை. தண்டை இறுகப் பிடித்துக்கொண்டது. பல்லக்கு சாய்ந்தது. சாமி கழுத்து மாலை ஒரு பக்கம் நழுவியது. கூட்டமே ஐயோ என்றது. தாண்டவன் இரண்டு பக்கத்துக் கனத்தையும் தானே வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெதுவாகச் சொன்னான்.

"தட்டித் தொலைச்சிருந்தா என்ன மாமா."

பெரிய ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா இருந்தார். இப்போது அவருக்கு முன்நெற்றியில் நரை. படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சதையில் துளி கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். தையல்நாயகியையும் தாண்டவனையும் உட்கார வைத்துச் சொன்னார். தொடைக்குள் புற்றுக்கட்டி, தேங்காய் அளவு. நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

தையல்நாயகி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நெஞ்சில் அறைந்துகொண்டு கேட்டாள்.

"அந்த இரும்பாலதானேம்மா?"

மேசையில் விபூதி படிந்த அட்டை கிடந்தது. டாக்டரம்மா அதைத் துடைத்தார்.

"அதனாலதான்னு என்னால சொல்ல முடியலைம்மா. இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியலை. இந்த மாதிரி வெச்சுக்கிட்டு எத்தனையோ பேர் நல்லா நடக்கறாங்க. அவங்ககிட்டேல்லாம் ஒண்ணும் காணோம். சந்தேகம் இருக்கறதனாலதான் வருஷா வருஷம் வரச் சொன்னது. ரத்தத்துல அந்த உலோகம் ஏறி இருக்கு. அப்பவே தெரிஞ்சிருந்தா மாத்தி வெச்சிருப்போம். கட்டியையும் சின்னதுலயே பிடிச்சிருப்போம்."

"யாரைத்தான் நான் வைவேன்?" என்று கேட்டாள் தையல்நாயகி.

வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. வலிக்கு மருந்து கொடுத்து வைத்திருந்தார்கள். தையல்நாயகி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரும்பை வைதுகொண்டே இருந்தாள். பாவி, சண்டாளன், உறவாடிக் கெடுத்தவன் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். உள்ளே குண்டு கேட்டுக்கொண்டு கிடந்தது. எலும்பும் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக அது கேட்க ஆசைப்பட்ட வசவுதான். ஆனால் ஒரு வார்த்தைகூட இனிக்கவில்லை.

நாகலிங்கம் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"அதை வையாதே. கக்கூசுக்குக்கூட நடக்க முடியாதவனை சாமி தூக்க வெச்சது அது. கெடுத்ததும் அதுதானோ என்னமோ, தெரியலை. ஆனா அது தட்டுச்சு, தையலு. படிக்குப் படி தட்டுச்சு. நான்தான் சிரிச்சேன்."

எலும்புக்கு உள்ளே எங்கோ நொறுங்கியது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், தாண்டவன் கோயில் பிரசாதத்தை இலையில் மடித்துக் கொண்டுவந்தான். நாகலிங்கத்தால் வாங்க முடியவில்லை. மூச்சு மேலும் கீழுமாக இருந்தது. அவர் கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தேடியது. விரல் முட்டி அதன் மேல் விழுந்தது.

டக், டக்.

தாண்டவன் இலையைக் கீழே போட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் எதிர்ப்பக்கம் நின்றவன், அந்தச் சத்தத்தை அந்தக் கையிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கட்டிலோரம் மண்டிபோட்டு, அவர் தலைக்குக் கீழே தன் தோளை நுழைத்தான்.

"வந்தேன் மாமா."

நாகலிங்கம் தலையைக் குனிந்தார். வெளியே வந்துவிட்டார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. தாண்டவன்தான் கொள்ளி வைத்தான். மறுநாள் காலையில் ஆற்றங்கரைச் சுடுகாட்டில் பால் தெளித்துச் சாம்பலைக் கிளறினார்கள். எலும்பு இப்போது எலும்பாக இல்லை. ஐந்தாறு வெள்ளைத் துண்டுகளாகக் கிடந்தது. பக்கத்தில் குண்டு, கிண்ணம் கழன்று சாம்பலுக்குள் போய்விட, காம்போடு முழுசாகக் கிடந்தது. கறுத்திருந்தது, உருகவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டும் வேறு வேறாகக் கிடந்தன.

"பெரியவரே, என்னாலதானா?" என்று கேட்டது குண்டு.

கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. கட்டி எரிந்துபோயிருந்தது. ரத்தம் எரிந்துபோயிருந்தது. வலி தன் வேலை முடிந்து போய்விட்டது.

"தெரியலைடா தம்பி" என்றது எலும்பு. "உன் தூசியாலயான்னு எனக்குத் தெரியலை. யாருக்கும் தெரியலை. நான் வாயை மூடிக்கிட்டதால எத்தனை வருஷம் போச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியும்."

சுடுகாட்டில் வேலை பார்ப்பவர் எலும்புகளைக் காலிலிருந்து தலை வரைக்கும் வரிசையாகப் பொறுக்கித் தாண்டவன் கையில் கொடுத்தார். தாண்டவன் ஒவ்வொன்றாக மண் கலயத்தில் போட்டான். தொடையெலும்பின் துண்டுகள் அடியில் போய் விழுந்தன. குண்டை அவர் காலால் ஒதுக்கினார். இரும்பு கலயத்தில் போடக்கூடாது, இந்த மாதிரி வருவதையெல்லாம் தனியாக வாளியில் போட்டு வைப்பது வழக்கம் என்று சொல்லி, வேப்பமரத்தடியைக் காட்டினார்.

வாளி என்ற சொல் கலயத்தின் அடிவரைக்கும் கேட்டது.

வேண்டாம் என்று எலும்பு கத்திப் பார்த்தது. அதன் சத்தத்தை எடுத்துக்கொண்டு ஓட இப்போது வலி இல்லை.

தாண்டவன் குனிந்து குண்டை எடுத்தான். துண்டால் சாம்பலைத் துடைத்தான்.

"பத்து வருஷம் எங்க மாமாவைத் தாங்கினவன். இருக்கட்டும், கூடவே போகட்டும்" என்றான்.

கலயத்துக்குள் விட்டான். குண்டு ஒரு பக்கத்து மண்ணில் மோதி, எதிர்ப்பக்கத்தில் மோதி, வெள்ளைத் துண்டுகளின் மேல் போய்க் கிடந்தது.

டக், டக்.

"வந்தேன்" என்றது எலும்பு.

நுழைப்பதற்குத்தான் தோள் இல்லை.